துண்டு போட்டு இடம் பிடிக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு மும்பையில் யார் யார் விழித்திருப்பார்கள்? பால்காரர், பேப்பர் போடும் பையன், முதல் லோக்கல் வண்டியை எடுக்கப் போகும் டிரைவர். இவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு. தோளில் ஒரு பை. கையில் ஒரு தூண்டில் கம்பு, இல்லையென்றால் காலி பாட்டிலில் சுற்றிய நைலான் நரம்பு. வாரத்தின் ஆறு நாளை ஆபீசுக்கும் பட்டறைக்கும் கொடுத்துவிட்டு, ஏழாவது நாளைக் கடலோரத்தில் கழிக்கக் கிளம்பியவர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

எனக்கு ரயில்வேயில் எழுத்தர் வேலை. நேரம் கிடைக்கும்போது இந்தப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவேன். மீன் பிடிப்பதில் பெரிய கெட்டிக்காரன் அல்ல. பல ஞாயிறு வெறும் பையோடு திரும்பி, வரும் வழியில் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கரையில் உட்கார்ந்து பார்த்ததில், மீனைவிட மனிதரைப் பற்றித் தெரிந்துகொண்டது அதிகம். அதில் என்னைப் பற்றியே தெரிந்துகொண்ட ஒன்றும் உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கடலுக்கும் கூட்ட நேரம் உண்டு

'இவ்வளவு நீளமான கடற்கரை இருக்கிறதே, தூண்டில் போட இடத்துக்கா பஞ்சம்?' என்று கேட்பவர்கள் உண்டு. கரை நீளம்தான். மீன் கடிக்கும் இடம்தான் குறைவு. கழிமுகத்து நீர் கடலோடு கலக்கும் இடம், கல்லடுக்கு இறங்கி நீர் ஆழமாகும் இடம், காலை ஊன்றி நிற்க உறுதியான மேடை உள்ள இடம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மெரைன் டிரைவில் நான்கு கால் கான்கிரீட் கற்களின் மேல், ஒர்லியில், பாந்த்ராவில், மாகிமில் எங்கே பார்த்தாலும் நாலு பேர் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

இடம் மட்டுமல்ல, நேரமும் நெருக்கும். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்தை இங்கே 'பர்த்தி' என்கிறார்கள். அந்த நேரம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். நம் தூத்துக்குடிக் கடலில் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பையில் அப்படியல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலரை மீட்டருக்கு மேலும் ஏறும். மழைக்காலத்தில் எந்தெந்த நாளில் அப்படி ஏறும் என்று மாநகராட்சியே பட்டியல் வெளியிடுகிறது.

ஆகையால் ஒரு கல் மூன்று மணி நேரம் நல்ல கல். அதற்கு முன் அடியில் சேறு. அதற்குப் பின் மேலே அலை. நீர் ஏறத் தொடங்கும் அந்த மூன்று மணி நேரத்துக்காக எல்லோரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். சர்ச்கேட்டில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் சேர்வது போலத்தான். ஜூன், ஜூலை மாதங்களில் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை வரும். மீன் விலை ஏறும். அப்போது கரையில் இன்னும் நாலு பேர் கூடுவார்கள்.

நான் செய்த காரியம்

எங்கள் குழுவில் பத்துப் பேர். எல்லோரும் தமிழர்கள்; பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கம். கழிமுகக் கரை ஒன்றில் வழக்கமாக உட்காருவோம். இருட்டில் முதலில் போகிற இரண்டு மூன்று பேர், மற்றவர்களுக்காகக் கல்லுக்குக் கல் துண்டு, தண்ணீர் பாட்டில், செருப்பு என்று வைத்துவிடுவோம். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு ஏழு மணிக்கு வந்து சேருவார்கள். வேறு யாராவது வந்தால், 'ஆள் இருக்கிறது' என்று சொல்லிவிடுவோம். பல வருடமாக நடக்கிற ஏற்பாடு. இதில் தவறு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சென்ற மழைக்கால முடிவில் ஒரு ஞாயிறு. ஐந்தரை மணி இருக்கும். வடக்கேயிருந்து வந்த ஒரு பையன், பதினெட்டு வயதுக்கு மேல் இராது, பாட்டிலில் சுற்றிய நரம்போடு வந்தான். துண்டு கிடந்த ஒரு கல்லின் ஓரமாக, துண்டை நகர்த்தாமலே உட்கார்ந்தான். நான்தான் எழுந்து போய், "பாயி, இதர் ஆத்மி ஹை" என்றேன். அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். ஆள் இல்லை, துண்டுதான் இருந்தது. "கப் ஆயேகா?" என்று கேட்டான். எப்போது வருவார் என்ற அந்த நியாயமான கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கையை மட்டும் ஆட்டினேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் நரம்பைச் சுற்றிக்கொண்டு, கீழே பாசி படிந்த கற்களுக்கு இறங்கிப் போனான்.

நீர் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. முக்கால் மணி கழித்து ஒரு சத்தம். பையன் வழுக்கி இடுப்பளவு நீரில் விழுந்துவிட்டான். ஒரு கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. நாங்கள் நாலு பேர் இறங்கித் தூக்கினோம். உயிருக்கு ஒன்றுமில்லை. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்திருந்தது. பாட்டிலும் நரம்பும் போய்விட்டன. உட்கார வைத்து, எங்கள் தண்ணீரால் காயத்தைக் கழுவி விட்டோம். அவனை எங்கே உட்கார வைத்தோம் தெரியுமா? அதே கல்லில், அதே துண்டின் மேல். துண்டுக்குச் சொந்தக்காரர் அன்று வரவே இல்லை. அவர் வீட்டில் விருந்தாளிகளாம்.

பையன் ஒரு குறையும் சொல்லாமல், "ஷுக்ரியா, பாயிசாப்" என்று கும்பிட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

குழாயடியும் கரையும்

அன்று டீக்கடையில் விவாதம் நடந்தது. எங்களில் மூத்தவர் ஒருவர், நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்பவர், கேட்டார்: "நாலு மணிக்கு எந்திரிச்சு வந்தவனுக்கு உரிமை இல்லையா தம்பி? குழாயடியில குடம் வச்சா அது வரிசைதானே?"

நல்ல கேள்வி. நான் யோசித்துப் பார்த்தேன். குழாயடியில் வைக்கிற குடத்துக்குப் பின்னால் ஓர் ஆள் அங்கேயே நிற்கிறாள், அல்லது கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். தன் முறை வந்ததும் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். வீட்டுக்கு ஒரு குடம் என்கிற வரையில் சண்டை இல்லை. ஒரே வீட்டார் ஏழு குடத்தை வரிசையில் வைக்கிற அன்றுதான் குழாயடிச் சண்டை. நாலு மணிக்கு வந்தவருக்கு உரிமை உண்டு. அவர் உட்கார்ந்திருக்கிற கல்லின் மேல் உண்டு. நாலு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அவர் எப்படி உரிமை வாங்கிக் கொடுக்க முடியும்?

ரயில்வேக்காரன் என்பதால் எனக்கு இது இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். முன்பதிவு செய்த பெட்டியில் இருக்கைக்கு எண் உண்டு, பெயர் உண்டு. முன்பதிவில்லாப் பெட்டியில் டிக்கெட் என்பது ஏறுவதற்கு மட்டும்தான். ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டு, 'நாலு பேர் வருகிறார்கள்' என்று காலை நீட்டிப் படுப்பவரைப் பார்த்து நாம் எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறோம்! கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவருகே நின்றுகொண்டிருப்பாள். இங்கே துண்டு உட்கார்ந்து பயணம் செய்யும். அந்தத் துண்டைக் கரைக்குக் கொண்டுபோனவர்கள் நாங்கள்.

இதற்கு நேர் எதிரான பழக்கத்தையும் இந்த நகரம்தான் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. லோக்கல் வண்டியில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆள் வந்து நிற்பார். ஒரு கையசைப்பு, "தோடா சர்கோ" என்று ஒரு சொல். மூவரும் முனகிக்கொண்டேனும் அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்வார்கள். நாலாவது ஆளுக்குப் பாதி இடம்தான் கிடைக்கும். அதற்கே அவர் தலையாட்டி நன்றி சொல்வார். எழுதாத சட்டம் இது. வந்தவர் கேட்க வேண்டும். இருப்பவர் நகர வேண்டும். கரைக்கு வேண்டியதும் இந்த இரண்டுதான்.

ஊரில் நாம் கண்ட முறைகள்

இடத்தைப் பங்கு போட்டுக்கொள்வது நமக்குப் புதிதல்ல. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊத்தா, கச்சா, வலை என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரமே கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசிச் சைகை காட்டும்வரை ஒருவரும் நீரில் கால் வைப்பதில்லை. சைகை கிடைத்ததும் எல்லோரும் ஒன்றாக இறங்குகிறார்கள். அங்கேயும் துண்டுதான். ஆனால் அது எல்லோரையும் உள்ளே விடுகிற துண்டு.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் சில மட்டுமே. அவற்றுக்குச் சீட்டுக் குலுக்கி, இன்று நீ, நாளை நான் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிற நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலும் ஒரு குறை சொல்லப்படுகிறது. அந்தச் சீட்டில் பெயர் சேர்வது குறிப்பிட்ட மீனவ சமூகத்தாருக்கு மட்டுமே. அதே ஏரியை நம்பியிருக்கும் மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு நியாயமாக இருக்கும் முறை, வெளியே இருப்பவருக்கு வேலியாகத் தெரியும். எங்கள் பத்துப் பேர் ஏற்பாடும் இந்த ரகம்தான் என்று இப்போது உணர்கிறேன்.

ஆழ்கடலிலும் இதே கதை. தமிழ்நாட்டில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் 1970-களில் பெரும் மோதல்கள் நடந்தன. வலைகள் அறுந்தன, ரத்தமும் சிந்தியது. பிறகு பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஏற்பாடு வந்தது. 1983-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்றது. சொல்லப்பட்ட சட்டம் முழுக்க நடக்கிறதா என்பது வேறு விஷயம். பரந்த கடலுக்கே பங்கு முறை தேவைப்படும்போது, பத்தடிக் கரைக்குத் தேவைப்படாதா?

முதலில் இருந்தவர்கள்

மும்பையில் தூண்டில் போடும் நாம் மறக்கக் கூடாத இன்னொரு கூட்டம் கோலி மக்கள். இந்த ஊர் ஏழு தீவுகளாக இருந்த காலத்திலேயே, போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் வருவதற்கு முன்பே, இங்கே படகு விட்டவர்கள் அவர்கள். நகரத்தின் பெயருக்கே காரணமான மும்பாதேவி அவர்களுடைய தெய்வம். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி நாரளி பூர்ணிமா அன்று தேங்காயைக் கடலுக்குக் காணிக்கை செலுத்திவிட்டுத்தான் புதுப் பருவத்தைத் தொடங்குகிறார்கள். நகரம் வளர வளர, அவர்களுடைய கோலிவாடாக்களைச் சுற்றிக் கட்டடமும் சாலையும் பாலமும் நெருக்கிக்கொண்டே வந்திருக்கின்றன.

நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் கரை அவர்களுக்கு வயிற்றுப்பாடு. படகு வந்து சேரும் வழியில் நரம்பை வீசிவிட்டு, படகு அறுத்துவிட்டது என்று கத்துவது அடாவடி. காயப்போட்ட வலையின் மேல் உட்காருவது, பொம்பில் காயும் கொடிக்கு அடியில் சிகரெட் பிடிப்பது இவையெல்லாம் பிறர் வீட்டு அடுப்பில் கை வைப்பதற்குச் சமம். அவர்கள் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துவிட வேண்டும். அதில் நம் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

சில முறைகள்

என் அனுபவத்தில் கரையில் சண்டை எதனால் வருகிறது என்று பார்த்து, சிலவற்றைச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஒன்று: வந்ததும் வீசாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இடம் கேளுங்கள். அவருடைய நரம்பு எந்தப் பக்கம் போகிறது என்றும் கேளுங்கள். நேராக முன்னால் வீசினால் பத்துப் பேர் உட்காரலாம். ஒருவர் குறுக்கே வீசினால் மூன்று பேருக்குக்கூட இடம் போதாது.

இரண்டு: கூட்டமான நாளில் ஆளுக்கு ஒரு தூண்டில் போதும். நாலு கம்பை நட்டுவைத்து நடுவில் உட்காருபவர் நாலு பேர் இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

மூன்று: வீசுமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள். ஈயக்குண்டும் முள்ளும் பின்பக்கம் போய்த்தான் முன்னால் வருகின்றன. பின்னால் நடைபாதை இருக்கிறது; குழந்தைகள் இருக்கிறார்கள்.

நான்கு: பக்கத்தவருக்குப் பெரிய மீன் மாட்டினால் உங்கள் நரம்பைச் சுருட்டிக்கொள்ளுங்கள். சிக்கு விழுந்தால் பொறுமையாக இருவரும் சேர்ந்து பிரியுங்கள். அறுக்கத்தான் வேண்டுமென்றால் உங்களுடையதை முதலில் அறுங்கள்.

ஐந்து: நரம்புத் துண்டைக் கரையில் விடாதீர்கள். நைலான் மக்காது. காக்கை, கொக்கின் காலில் சுற்றிக்கொண்டு அந்த ஜீவன் பட்டினி கிடந்து சாகும். முள்ளும் அப்படித்தான், நாளை வெறுங்காலோடு வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு: வேண்டாத கெளுத்தியை நடைவழியில் எறியாதீர்கள். அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷ முள். செத்த பிறகும் குத்தும். ஒரு முறை மிதித்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். சின்ன மீனை நீரிலேயே விட்டுவிடுங்கள்.

ஏழு: இருட்டில் டார்ச் வெளிச்சத்தைப் பக்கத்தவர் கண்ணில் அடிக்காதீர்கள். செல்போனில் பாட்டு கேட்பதானால் உங்கள் காதுக்கு மட்டும் கேளுங்கள்.

எட்டு: நீர் ஏறும்போது கீழே இருப்பவரை மேலே கூப்பிடுங்கள். எத்தனை நெருக்கமாக இருந்தாலும் மேல்கல்லில் இன்னோர் ஆளுக்கு இடம் உண்டு. இந்த எட்டில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

நமக்குத் தெரியாததா?

'வருகிறவனுக்கெல்லாம் இடம் கொடுத்தால் நமக்கு மீன் கிடைக்காது' என்று சிலர் சொல்கிறார்கள். கிடைக்காமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலை நம்பி நம் வீட்டு அடுப்பு எரியவில்லை. அந்தப் பையனுக்கு எப்படியோ, நான் கேட்கவில்லை. ஒரு வேளைக் குழம்புக்காகவே வந்தவனாகவும் இருக்கலாம்.

என் தாத்தா இந்த ஊருக்கு வந்து சேர்ந்த காலம் 1960-களின் பிற்பகுதி. தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே கிளர்ச்சி நடந்த சமயம். குழாயடியில் அவர் வைத்த குடத்தை ஒருவர் காலால் தள்ளிவிட்டு, "மதராசி, பீச்சே ஜாவ்" என்றாராம். தாத்தா கடைசி வரை அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரே இடத்தில் நிறுத்துவார்: "குடம் உருண்டது பெரிசில்லைடா. அத்தனை பேர் நின்னாங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை." அன்று அந்தக் கரையில் நாங்களும் மூன்று நாலு பேர் நின்றோம். நான் அந்தப் பையனை எழுப்பியபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஊரில் இடம் தேடி வந்தவர்கள் நாம். ரயிலில், சாலில், குழாயடியில், ரேஷன் கடையில் யாரோ கொஞ்சம் நகர்ந்து கொடுத்ததால்தான் நமக்கு இடம் கிடைத்தது. அப்படியிருக்க, இரண்டாம் தலைமுறையில் நாமே கல்லுக்குக் கல் துண்டு போட்டு வைப்பது என்ன நியாயம்?

எங்கள் குழுவில் இப்போது ஒரு முடிவு செய்திருக்கிறோம். ஆள் இருந்தால் இடம். துண்டுக்கு இடம் இல்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கரைக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி மட்டும் பழைய வழக்கத்தை விட மனமில்லாமல் துண்டைக் கொண்டு வருகிறார், தலையில் கட்டிக்கொள்கிறார். அந்தப் பையன் பிறகு வரவில்லை. அவனுக்கென்று ஒரு பாட்டிலில் நரம்பு சுற்றி என் பையில் வைத்திருக்கிறேன்.

வாசக அன்பர்களே, வருகிற ஞாயிறு நீங்களும் எங்காவது ஒரு கரையில் உட்கார்ந்திருப்பீர்கள். யாராவது வந்து, எந்த மொழியிலாவது இடம் கேட்டால், 'ஆள் இருக்கிறது' என்று சொல்லுமுன் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.